அந்த ஜன்னலைப் படித்தீர்களா?

எலெனா ஃபெரான்டேயின் நேப்பிள்ஸ் நாவல்கள் 2011 முதல் 2014 வரை நான்கு தொகுதிகளாக வந்தவை. நான்கையும் படித்தவர் எழுதிய கட்டுரை என்று சென்ற இதழில் வந்ததை என்னால் நம்ப முடியவில்லை. கதை சொல்லும் எலெனாவுக்கும் அவள் தோழி லீலாவுக்கும் இடையில் இருப்பது நட்பே அல்ல, பொறாமையாம். லீலா கெட்டது அவள் திமிராலாம். பழசைச் சுமப்பது கையாலாகாதவர்களின் சாக்காம். எலெனா படித்து மேலே வரவில்லையா என்றும் கேட்கிறார்.

லீலா சின்னப் பெண். மேலே படிக்க வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிக்கிறாள். செருப்புப் பட்டறை வைத்திருக்கும் அப்பா அவளைத் தூக்கி ஜன்னல் வழியே வீசுகிறார். கீழே நிற்கும் எலெனாவின் தலைக்கு மேலாகப் பறந்து தெருவில் விழுகிறாள். கை ஒடிந்திருக்கிறது. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறாள். இத்தாலியில் 1962 கடைசியில் சட்டம் மாறும்வரை, ஐந்தாம் வகுப்போடு ஏழைப் பிள்ளைகளின் பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். மேற்படிப்புக்குக் கொண்டுபோகும் நடுநிலைப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அதற்கான தனிப்பாடத்துக்கு எலெனாவின் வீட்டில் பணம் கொடுத்தார்கள், லீலாவின் வீட்டில் மறுத்தார்கள். கை ஒடிந்த குழந்தையைப் பார்த்துத் திமிர் என்று எழுத எப்படி மனம் வந்தது?

பொறாமை இருக்கிறது. யார் இல்லை என்றார்கள்? லீலா நம்பிக் கொடுத்த நோட்டுப் புத்தகங்களைத் தகரப் பெட்டியோடு பீசா நகரத்துப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளியதை எலெனாவே நம்மிடம் சொல்கிறாள். அவள் வாக்குமூலத்தையே எடுத்து, தான் கண்டுபிடித்த குற்றம்போல அவள்மீது வீசுவது விமர்சனம் ஆகாது.

அவர் தொடாமல் போன காட்சி இன்னொன்று. நாவலாசிரியை ஆகிவிட்ட எலெனா, லீலா சிறுவயதில் எழுதிய ‘நீலத் தேவதை’யைத் திரும்பப் படிக்கிறாள். தன் புத்தகத்தின் உயிர் அந்தச் சில தாள்களில் இருப்பது தெரிகிறது. அதை எடுத்துக்கொண்டு, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் லீலாவைத் தேடிப் போகிறாள். லீலா அதை வாங்கி நெருப்பில் போடுகிறாள். எலெனா மேலே வரவில்லையா என்று கேட்டவர், எதன்மேல் ஏறி வந்தாள் என்று இந்தப் பக்கங்களில் பார்த்திருக்கலாம்.

பழசைச் சுமப்பது சாக்கு என்பவருக்கு இன்னொன்று. ஒரு நிலவறைக்குள் சிறுமிகள் இருவரும் ஒருத்தி பொம்மையை ஒருத்தி தள்ளிவிட்டார்கள். தேடியபோது கிடைக்கவில்லை. அறுபது வயது கடந்தபின், எலெனாவுக்கு ஒரு பொட்டலம் வருகிறது. பிரித்தால் அதே இரண்டு பொம்மைகள். சிறுவயதுக் கதை தொடங்குவதும் நாவல் முடிவதும் அவற்றில்தான். நம் விமர்சகரின் கட்டுரையில் பொம்மை என்ற சொல்லே இல்லை.