‘டூரிஸ்ட் ஃபேமிலி’ முதல் ‘தீபன்’ வரை: அகதி கதையில் அகதிக்கு எவ்வளவு இடம்?

சசிகுமார், சிம்ரன் நடித்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025 மே 1-ல் வெளியானது. இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல் படகேறி வரும் ஒரு தமிழ்க் குடும்பம், அடையாளத்தை மறைத்து சென்னையில் வாழும் கதை. அறிமுக இயக்குநர் அபிஷன் ஜீவிந்த்தின் இந்தப் படத்தை மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு: ஈழத்தமிழர் கதையில் ஈழத்தமிழர் எங்கே?

யார் நடிக்கிறார்கள்?

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் ஈழத்துத் தாயாக நடித்தவர் நந்திதா தாஸ். குழந்தையை வளர்க்கும் தமிழ்நாட்டுத் தாய், சிம்ரன். 23 வருஷம் கழித்து அதே சிம்ரன் இலங்கைத் தாயாக வருகிறார். நடிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டு பெரிய படங்களிலும் முக்கியமான ஈழத்துப் பெண் வேடத்துக்கு வந்தவர் இந்திய நடிகைதான்.

பிரான்ஸில் வேறு மாதிரி நடந்தது. ழாக் ஓதியார் இயக்கிய ‘தீபன்’ 2015-ல் கான் விழாவின் உயரிய விருதான தங்கப்பனை வென்றது. நாயகன் ஷோபாசக்தி, சிறு வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு பிரான்ஸில் அகதியானவர், எழுத்தாளர். நாயகி காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடகக் கலைஞர்.

அப்போ ஆளை மாத்தினா போதுமா?

போதாது. பாரிஸ் புறநகரையே போர்க்களமாகக் காட்டியதாக ‘தீபன்’ மீதும் விமர்சனம் வந்தது. நடிகர் அசலாக இருந்தாலும், கதையை யார் எழுதுறாங்க, யாருடைய பார்வையில் கேமரா நிக்குது என்பதும் முக்கியம்.

மொழியும் அப்படித்தான். தீபா மேத்தாவின் ‘ஃபன்னி பாய்’ (2020) வந்தபோது, முக்கிய வேடங்களில் தமிழர் இல்லை, பேசும் தமிழும் ஒட்டவில்லை என்று புலம்பெயர் தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தெலுங்கு வாடை அடிக்கும் பேச்சுக்காகக் கிண்டலைக் கேட்ட திருத்தணிக்காரருக்கு இந்தக் கோபத்தை விளக்கத் தேவையில்லை. 1960-ல் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த எல்லை ஊர் அது. பேச்சுதான் ஒருத்தரின் முதல் அடையாள அட்டை.

கதையில் யார் இல்லை?

திருத்தணி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் கும்மிடிப்பூண்டி முகாம் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர். 1983 கலவரத்துக்குப் பிறகு வரத் தொடங்கியவர்களும், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும். 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது, சினிமாவில் அந்த வாழ்க்கை இன்னும் ஓரத்தில்தான்.

முகாம்களில் மலையகத் தமிழர் வம்சாவளியினரும் கணிசமாக உண்டு. தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். 1990-ல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் இந்தப் போரின் கதைதான். இவர்கள் தமிழ்ப் படங்களில் நாயகராக வருவது அபூர்வம். ‘ஈழத்தமிழர்’ என்ற ஒரே முகம் எல்லாரையும் மூடிவிடுகிறது.

இது ஏன் முக்கியம்?

சட்டத்தைப் பாருங்க. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதன் பிறகு பிறந்தால், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இன்னும் கடுமை: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. அதனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப் போலவே தமிழ் பேசும் இளைஞர்கள் சட்டப்படி வெளிநாட்டவராகவே இருக்கிறார்கள்.

சினிமா காட்டும் அகதி நேற்று இரவு படகில் வந்தவர். பரிதாபப்பட்டு அடைக்கலம் கொடுத்தால் கதை முடிந்துவிடும். முகாமில் வளர்ந்தவருக்குத் தேவை பரிதாபம் இல்லை, பாஸ்போர்ட். அவரைத் திரையில் பார்க்காத ரசிகருக்கு, அப்படி ஒரு கோரிக்கை இருப்பதே தெரியாது. அடுத்த ஈழக் கதையை எழுத உட்காரும் டீமில், கும்மிடிப்பூண்டியில் வளர்ந்த ஒருவருக்கும் நாற்காலி போட்டால் அங்கிருந்து மாற்றம் தொடங்கும்.