பத்தாம் வகுப்பா? மட்டையைப் பிடுங்காதீர்கள்!

போன மாதம் மாதனூரில் என் வைத்தியசாலைக்கு முழங்கால் வலியோடு ஒரு பையன் வந்தான். ஹாக்கி ஆடுகிறவன். நான் காலைத் தொடுவதற்குள், "இனிமே விளையாடக் கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க சார், பத்தாவது போறான்" என்றார் தாயார். நான் சொல்லவில்லை!

வாசுதேவன் பாஸ்கரனைத் தெரியுமா உங்களுக்கு? நம்ம ஆரணியில் 1950-ல் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஹாக்கிக்குச் செயற்கைப் புல்தரை விரித்தார்கள். இயற்கைப் புல்லில் ஆடிப் பழகிய நம் அணிக்கு ஏழாம் இடம்தான் கிடைத்தது. அந்த அணியில் அவரும் இருந்தார். "போதும்பா, வேலையைப் பாரு" என்று அன்றைக்கே நிறுத்தியிருந்தால்? 1980-ல் மாஸ்கோவில், அதே செயற்கைத் தரையில், கேப்டனாக நின்று ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் கொண்டுவந்தார். அப்போது வயது 29!

குனிந்தபடி ஓடும் ஆட்டம் இது. இடுப்பும் முழங்காலும் வலிக்கத்தான் செய்யும். ஓய்வு கொடுங்கள், தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுங்கள். மூட்டு வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ எலும்பு டாக்டரிடம் போங்கள். என் தைலமெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்தப் பையனுக்கு இரண்டு வாரம் ஓய்வு சொன்னேன். மட்டையைப் பரணில் போட வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.