எரித்தது சரி, பதில் எங்கே?

“திருவிளையாடல்” என்கின்ற சினிமாப் படம் 1965-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. ஏ.பி. நாகராஜன் டைரக்ட் செய்த படம். சிவாஜி கணேசன் சிவனாகவும், சாவித்திரி பார்வதியாகவும், நாகேஷ் தருமியாகவும் நடித்தார்கள். வெள்ளி விழாக் கண்டது. இன்றைக்கும் டெலிவிஷனில் போட்டால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கிறவர்கள் ஏராளம். நாமும் பார்க்கிறோம். தருமி தனியாக நின்று புலம்புகிற இடத்தில் சிரிக்காதவன் தமிழனாக இருக்க முடியாது. ஆகவே படம் மோசம், பார்க்காதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அவ்வளவு பிரியமாய்ப் பார்க்கப்படுகிற படத்தில் சொல்லப்படுகிற நியாயம் எப்படிப்பட்டது என்பதைப் பற்றித்தான் இங்கு பேச்சு.

“சாமி படத்தில் போய் நியாயம் பார்க்கலாமா? அதெல்லாம் நம்பிக்கை விஷயம்” என்று சிலர் உடனே சொல்லக்கூடும். சரி, அவர்களுக்கு வேண்டியதையெல்லாம் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். கைலாயம் உண்டு, நெற்றியில் கண் உண்டு, மயில் உலகத்தைச் சுற்றும், செத்தவர் பிழைப்பார் என்றே வைத்துக் கொள்வோம். இவற்றில் ஒன்றையும் மறுக்காமல், படத்தில் வருகிறவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட நிபந்தனைப்படி நடந்தார்களா என்று மாத்திரம் பார்ப்போம். இதைவிடத் தாராளமான வாதம் இருக்க முடியாது.

முதலில் பழத்தின் சங்கதி. நாரதர் கொண்டு வந்த பழம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவனுக்குப் பழம் என்று தகப்பனார் பந்தயம் வைக்கிறார். சின்னப் பிள்ளை அதை நம்பி மயிலேறிப் போகிறான். பெரிய பிள்ளை இருந்த இடத்திலேயே தாய் தகப்பனைச் சுற்றிவிட்டு, “நீங்கள்தான் உலகம்” என்கிறான். பழம் அவனுக்குப் போகிறது. பந்தயம் ஆரம்பித்த பிறகு, ஓடினவன் திரும்பி வருவதற்குள், “உலகம்” என்ற வார்த்தைக்கு அர்த்தத்தையே மாற்றி விடுகிறார்கள். தீர்ப்புச் சொல்கிறவர்கள் யார் என்றால், எவரை “உலகம்” என்று புகழ்ந்தானோ அவர்களேதான்! தன்னைப் புகழ்ந்தவனுக்கே பரிசு கொடுக்கிற நீதிபதியை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன பிள்ளையைச் சமாதானம் செய்யத் தாயார் வருகிறார். “உனக்கு நடந்தது நியாயந்தான், இன்ன காரணம்” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “உன் தகப்பனார் இப்படியெல்லாம் விளையாடுகிறவர்” என்று நாலு கதை சொல்கிறார். அந்த நாலில் ஒன்றில் ஒரு புலவர் எரிகிறார். இன்னொன்றில் பெண்டாட்டியே எரிகிறாள். வேறொன்றில் அவள் வலைஞர் குலத்தில் போய்ப் பிறக்கும்படி தள்ளப்படுகிறாள். “எனக்கு ஏன் பழம் இல்லை?” என்று கேட்ட பிள்ளைக்கு, “உன் தகப்பனார் கேட்டவர்களையெல்லாம் இன்ன இன்ன செய்தார்” என்று சொன்னால் அது சமாதானமா, பயமுறுத்தலா என்று கேட்கிறோம்.

நிற்க. இந்த நாலு கதைகளில் பெயர்பெற்றது தருமியின் கதைதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, அல்லது பூவினாலும் பூச்சினாலும் வருகிறதா என்று பாண்டிய ராஜாவுக்குச் சந்தேகம். தீர்த்து வைக்கிறவருக்கு 1000 பொற்காசு. ராணி பக்கத்திலேயே இருக்கிறார். ஒரு குடம் தண்ணீரும் ஒரு பிடி சீயக்காயும் இருந்தால் ஒரு நாழிகையில் தீருகிற சந்தேகம் இது. இதற்குப் பொக்கிஷத்தைத் திறந்து, பாட்டு எழுதிக் கொண்டுவா என்று பறையறைகிறார்கள். மண்டைத் தோலுக்கு வெளியே வந்த மயிர் உயிரற்ற பொருள். தோலில் கசிகிற எண்ணெய்ப் பசையும் வியர்வையும், அவற்றை உண்டு வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் சேர்ந்து ஒரு வாடையை உண்டாக்குகின்றன. அது பெண் தலைக்கும் உண்டு, ஆண் தலைக்கும் உண்டு, ராஜாவின் கிரீடத்துக்குக் கீழேயும் உண்டு. அதற்கு மேல் பூமணம் வந்தால் அது பூவினுடையது, சாம்பிராணி மணம் வந்தால் அது சாம்பிராணியினுடையது.

போகட்டும். கடவுள் தருமிக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாட்டு குறுந்தொகையில் 2-ஆம் பாட்டாக இருக்கிறது. பாடியவர் பெயர் இறையனார் என்று போட்டிருக்கிறது. அது காதலன் ஒருவன் ஒரு தும்பியைப் பார்த்துக் கேட்பது. நான் மகிழ வேண்டுமென்று சொல்லாதே, நீ கண்டதைச் சொல், உனக்குத் தெரிந்த பூக்களில் இவள் கூந்தலைப்போல் மணமுள்ளது உண்டா என்பதே அதன் கருத்து. நல்ல காதல் பாட்டு. ஆனால் இதில் ராஜாவின் சந்தேகத்துக்குப் பதில் எங்கே இருக்கிறது? இயற்கை மணம் என்றோ செயற்கை மணம் என்றோ பாட்டில் பேச்சே இல்லை. அன்றியும், பாட்டே ஒரு கேள்வி. சந்தேகம் என்று வந்தவனிடம் இன்னொரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினால் சந்தேகம் தீர்ந்துவிடுமா? ராஜா மாத்திரம் தீர்ந்துவிட்டதாக ஆனந்தப்படுகிறார். பொக்கிஷம் அவருடையது, நாம் என்ன சொல்ல இருக்கிறது!

அடுத்தபடியாக, பாட்டு தருமியினுடையது அல்ல. ஒருவர் எழுதியதை மற்றொருவர் தன்னுடையது என்று சொல்லிப் பரிசு கேட்கிறார். இதைக் கண்டுபிடித்துக் கேட்பவர் நக்கீரர் ஒருவரே. “மண்டபத்தில் எழுதிக் கொடுத்தது” என்பது இந்தப் படத்திற்குப் பிறகு தமிழ்நாட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது. பரீட்சை மண்டபத்தில் ஒரு பையனுக்காக வேறொருவன் உட்கார்ந்து எழுதினால் அதற்கு ஆள்மாறாட்டம் என்று பேர். இருவரையும் போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள். அதையே கடவுள் செய்தால் அருள்!

நாலாவது கதையிலும் இதே வேலைதான். ஹேமநாத பாகவதர் தன்னைப் பாட்டில் வெல்ல ஆள் உண்டா என்று சவால் விடுகிறார். பாணபத்திரர் பாட வேண்டும். அவருக்குப் பதில் கடவுள் விறகுக்காரனாக வந்து திண்ணையில் பாடுகிறார். அதோடு, “நான் பாணபத்திரரிடம் சிஷ்யனாகச் சேர யோக்கியதை இல்லை என்று தள்ளப்பட்டவன்” என்று ஒரு பொய்யும் சொல்கிறார். அதைக் கேட்டு ஹேமநாதர் இரவோடிரவாக ஊரை விட்டுப் போகிறார். அவர் கர்வி என்றே வைத்துக் கொள்வோம். ஆனால் அந்தக் கர்வி மறைந்திருந்து எதையும் செய்யவில்லையே! தன் பெயரைச் சொல்லி, தன் குரலில், சபையின் நடுவே பாடினவன் ஓட வேண்டியதாயிற்று. பொய்ப் பெயரில் வந்தவர் ஜெயித்தார். இதுவா பக்தியின் வெற்றி?

இனி சபைக்கு வருவோம். எழுதியவர் தாமே வந்து நிற்கிறார். பாட்டில் பொருட்குற்றம் என்று நக்கீரர் சொல்கிறார். உயர்ந்த சாதிப் பெண்களுக்கும் கிடையாதா, தேவலோகப் பெண்களுக்கும் கிடையாதா, நீ தினமும் கும்பிடுகிற அம்மனுக்கும் கிடையாதா என்று கேள்விகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நக்கீரர் கிடையாது என்றே சொல்கிறார். இந்தக் கேள்விகளைக் கவனியுங்கள். இவற்றில் ஒன்றாவது அத்தாட்சியா? மயிருக்கு மணம் உண்டென்று காட்ட, “அவள் பெரிய சாதி, இவள் உன் சாமி” என்று அந்தஸ்தை அடுக்கிக்கொண்டே போவது வாதமாகுமா? அந்தஸ்து ஏற ஏற மயிரின் குணம் மாறும் என்பது எந்தச் சாஸ்திரம்?

அதுவும் பலிக்காமல் போனபோது கடவுள் என்ன செய்கிறார்? சங்கறுத்துப் பிழைக்கிறவனா என் பாட்டில் குற்றம் பார்ப்பது என்று நக்கீரரின் குலத்தையும் தொழிலையும் இழுக்கிறார். நக்கீரர் சளைக்காமல், நாங்கள் சங்கறுத்துச் சாப்பிடுகிறோம், உம்மைப்போல் இரந்து சாப்பிடவில்லை என்ற கருத்தில் பதில் கொடுக்கிறார். தோழர்களே! இந்த ஓரிடத்தைப் படம் பார்க்கும்போது நன்றாய்க் கவனிக்க வேண்டும். பொருளைப் பற்றிய வாதம் தோற்ற அதே கணத்தில் சாதி வெளியே வருகிறது. இது கைலாயத்து வழக்கம் மாத்திரமல்ல. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் ஆபீசுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கேள்விக்குப் பதில் இல்லாதவன் கடைசியாகக் கேட்பது, “நீ யார், உன் அப்பன் என்ன செய்தான்?” என்பதே.

சாதியும் பலிக்கவில்லை. அப்புறந்தான் நெற்றிக்கண். நெற்றிக்கண்ணைக் காட்டினாலும் குற்றம் குற்றமே என்று சொல்லி நக்கீரர் எரிந்து போகிறார். கொட்டகையில் கைதட்டல் வானைப் பிளப்பது இந்த இடத்தில்தான். பக்தர்களும் தட்டுகிறார்கள், நாத்திகர்களும் தட்டுகிறார்கள். ஜனங்களின் மனச்சாட்சி யார் பக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த நக்கீரராக நடித்தவரும் படத்தை டைரக்ட் செய்த நாகராஜனேதான்!

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. ராஜா மன்றாடுகிறார், நக்கீரர் பிழைக்கிறார். அவரைச் சோதிக்கவும், அவர் தமிழோடு விளையாடவுமே வந்ததாகக் கடவுள் சொல்கிறார். இங்குதான் கதை அடியோடு கவிழ்கிறது. சோதனை என்றால், வேண்டுமென்றே குற்றமுள்ள பாட்டைக் கொடுத்தார் என்றாகிறது. குற்றத்தைச் சரியாகச் சொன்ன நக்கீரர் பரீட்சையில் தேறியவர். தேறியவரை எரிப்பானேன்? பாட்டில் குற்றமே இல்லையென்றால் நக்கீரர் தோற்றவர். தோற்றவரைப் பிழைப்பித்துப் பாராட்டுவானேன்? இரண்டில் எது என்று படம் சொல்லவில்லை. தருமிக்குப் பொற்காசு கிடைத்துவிடுகிறது. கூந்தலுக்கு மணம் உண்டா இல்லையா என்பதற்குத் தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் கூட இல்லை.

பரஞ்சோதி முனிவரின் புராணம் இந்த விஷயத்தில் படத்தைவிட நேரானது என்றே சொல்லலாம். அதில் நக்கீரர் நெருப்புத் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். பிறகு கரையேற்றி, அகத்தியரைக் கொண்டு அவருக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதாவது, “உனக்கு ஒன்றும் தெரியாது, படித்துக்கொள்” என்பது புராணத்தின் தீர்ப்பு. அநியாயமானாலும் அது ஒரு தீர்ப்பு. 1965-இல் ஓட்டுரிமை பெற்று, கோர்ட்டையும் சட்டத்தையும் கண்ட ஜனங்களுக்கு முன்னால் அப்படிச் சொன்னால் எடுபடாது. ஆகவே நக்கீரரையும் பெரியவராக்க வேண்டும், எரித்தவரையும் பெரியவராகவே வைக்க வேண்டும். இரண்டையும் ஒட்ட வைக்கக் கிடைத்த பசைதான் “விளையாட்டு” என்கிற வார்த்தை. கதையில் ஓட்டை விழுகிற இடமெல்லாம் அதைத்தான் தடவியிருக்கிறார்கள். பழம் போனதும் விளையாட்டு, பொய்ப்பெயர் போட்டதும் விளையாட்டு, புலவரை எரித்ததும் விளையாட்டு.

இரண்டாவது கதையில் தாட்சாயணி எரிகிறதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பெற்ற தகப்பன் வீட்டு யாகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டாள், புருஷன் வேண்டாம் என்றார், போய்விட்டாள். அங்கே புருஷனுக்காகத்தான் சண்டை போட்டு அவமானப்பட்டுத் திரும்பினாள். இருவரும் ஒன்றல்லவா என்று அவள் கேட்டதற்குப் பதில் நெருப்பு. எரித்த பிறகு, தேவர்கள் கெஞ்சின பிறகு, ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. அப்படியானால் அவள் எரிவதற்கு முன் சொன்னது சரிதானே? சரியைச் சொன்னவள் ஏன் எரிய வேண்டும்?

இது வெறும் சினிமாச் சங்கதிதானே என்று விட்டுவிடக்கூடாது. வேலைக்காரனைக் காரணமின்றி வெளியேற்றிய முதலாளி, அவன் நியாயம் கேட்டு வந்தால், “உன்னைச் சோதித்தேன்” என்கிறான். பெண்டாட்டியை அடித்தவன் மறுநாள், “விளையாட்டுக்குத்தான்” என்கிறான். கேள்வி கேட்ட மாணவனைப் பெஞ்சின் மேல் ஏற்றிய வாத்தியார், “உன் நன்மைக்குத்தான்” என்கிறார். இப்படிச் சொன்னவுடன் பாதிக்கப்பட்டவன் கைகூப்பி நிற்க வேண்டும் என்ற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? சின்ன வயது முதல் ஆயிரம் தடவை கேட்ட கதைகளிலிருந்து வந்தது. பலமுள்ளவன் பதில் சொல்ல வேண்டியதில்லை, கடைசியில் சிரித்தால் போதும் என்பதே அக்கதைகளின் பாடம்.

அந்தத் தும்பியை மறுபடியும் ஒருதரம் நினைத்துப் பாருங்கள். நான் மகிழ வேண்டுமென்று சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்று கேட்கிற பாட்டு அது. நக்கீரர் செய்தது என்ன? எழுதியவர் மகிழ வேண்டுமென்று சொல்லவில்லை, தாம் கண்டதைச் சொன்னார். பாட்டுச் சொன்னபடி அந்தச் சபையில் நடந்தவர் அவர் ஒருவரே. அவரை எரித்தவர், அந்தப் பாட்டை எழுதியவர் என்று கதை கூசாமல் சொல்கிறது.

ஆகவே தோழர்களே, படத்தைத் தாராளமாகப் பாருங்கள். நடிப்பை மெச்சுங்கள், பாட்டைக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, “அவர் சொன்னது சரிதானே, அவரை ஏன் எரித்தார்கள்?” என்று கேட்டால் மாத்திரம், “அது சாமியின் விளையாட்டு” என்று வாயை அடைத்து விடாதீர்கள். எங்களுக்கும் தெரியவில்லை, படத்தில் பதில் இல்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். கேட்டது நல்ல கேள்வி என்றும் கூடச் சொல்லுங்கள்.