குவாலிஸ், சுமோவுக்கு 'டாட்டா' காட்டுவதா? ரிப்பேர் செலவா, புது தவணையா... தவிக்கும் வண்டி ஓனர்கள்

நாமக்கல்:

2005-ல் இன்னோவா வந்ததும் குவாலிஸ் ஓரம் கட்டப்பட்டது. டவேரா கம்பெனி 2017-ம் ஆண்டோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. சுமோ 2019-ல் விடைபெற்றது. ஆனாலும் நாமக்கல், சேலம் பக்கம் 3 லட்சம், 4 லட்சம் கிலோ மீட்டர் தாண்டிய இந்த பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கோவிலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று குடும்பமே ஏறிப் போக வேறு வண்டி இல்லை.

எகிறிய கட்டணம்

சொந்த போர்டு வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்.சி.யை புதுப்பிக்க வேண்டும். அதன்பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. 600 ரூபாயாக இருந்த இந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரமானது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரமாக்கி விட்டார்கள். குவாலிஸ் அத்தனையும் இந்த கணக்கில்தான் வருகிறது. பசுமை வரி தனி.

தவணை கணக்கு

சரி, வித்துட்டு வேற வாங்கலாம் என்றால் அங்கேதான் 'ஷாக்'. 8 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்துக் கொண்டால் மாத தவணை சுமார் 17,800 ரூபாய். வட்டி மட்டும் 2 லட்சத்து 68 ஆயிரம். 10 ஆயிரம் ஆர்.சி. கட்டணம் ஒரு மாத தவணைக்கே காணாது. 1 லட்சம் செலவழித்து என்ஜின் வேலை பார்த்தாலும் அது 6 மாத தவணைதான்.

2025 செப்டம்பர் 22-ல் பெரிய எஸ்.யூ.வி.க்களின் வரி 50 சதவீதத்தில் இருந்து 40 சதவீதமாக குறைந்தது உண்மை. ஆனால் கூலிக்காரன் பாக்கெட்டுக்கு அதுவும் எட்டாத உயரம்தான்.

எப்போது விற்கலாம்?

என்ஜின் போனால் பிரித்து வேலை பார்க்கலாம். கியர் பாக்ஸ், கிளட்ச், சஸ்பென்ஷனும் அப்படியே. ஆனால் சேசிஸ் துருப்பிடித்து அரித்துவிட்டால் கதை முடிந்தது. அதன்மேல் போடும் காசு தண்ணீரில் போட்ட மாதிரி. வண்டியை லிப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்த பிறகே மற்ற செலவில் இறங்க வேண்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. டிரைவருக்கு ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் எல்லாம் 2019-ல்தான் கட்டாயமானது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் இவை கிடையாது. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில் இறங்கும்போது பிரேக்கும் டயரும்தான் தெய்வம். இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்கக்கூடாது.

புதுசும் செலவு வைக்கும்

2020 ஏப்ரலுக்கு பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி உண்டு. பக்கத்து தெருவுக்கே ஓட்டிக் கொண்டிருந்தால் அது அடைத்துக் கொள்ளும். மாற்றுவதென்றால் பெரிய செலவு. அதனால் செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் மீட்டரை மட்டும் நம்பாமல் சர்வீஸ் பில்லையும் கேட்டு வாங்க வேண்டும்.

போன ஒரு வருட ரிப்பேர் பில்லை எல்லாம் கூட்டி 12-ஆல் வகுத்துப் பாருங்கள். தவணையில் பாதிகூட வராமல், சேசிஸும் பிரேக்கும் நன்றாக இருந்தால் பழசே லாபம். சேசிஸ் அரித்திருந்தால் கணக்கே தேவையில்லை. பாசத்தை பார்க்காமல் கொடுத்துவிடுவதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு நல்லது.