ரயில் ஏறி வந்த மீன்

தூண்டில் போடுவது சோம்பேறியின் வேலை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவர்களை ஐக்கிய அமெரிக்காவின் போட்டோமாக் நதிக்கு ஒரு வசந்த காலக் காலையில் அழைத்துச் செல்ல வேண்டும். வாஷிங்டன் நகரத்தின் அருகே அகன்று அமைதியாகச் செல்லும் இந்நதி, மேற்கே மலைப் பிரதேசத்தில் பாறைத் திட்டுகளின் மேல் தத்தித் தாவி ஓடுகின்றது. ஓரிடத்தில் முழங்காலளவு ஜலம். அடுத்த இடத்தில் ஆளை விழுங்கும் மடு. பெரிய படகுக்கு அங்கே வேலையில்லை. ஒருவர் மட்டும் அமர்ந்து, இரு முனையிலும் அலகுள்ள ஒரே துடுப்பால் தள்ளிச் செல்லும் 'கயாக்' என்ற ஓடமே ஏற்றது. வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள், சட்டத்தின் மீது சீல் தோலை இழுத்துத் தைத்து வேட்டைக்காகச் சமைத்த ஓடம் இது. இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு உல்லாசப் பிரியர்களின் கைக்கு வந்துவிட்டது.

அவர்கள் தேடிச் செல்வது சிறுவாய் பாஸ் என்னும் மீனை. வெண்கல நிறம், விலாவில் கரும்பட்டைகள், சிவந்த கண். நீரோட்டத்தோடு ஓயாமல் மல்லுக்கு நிற்க அதற்கு விருப்பமில்லை. பாறையின் பின்னே ஜலம் சுழன்று அடங்கும் இடத்தில் பதுங்கியிருந்து, அடித்து வரும் சிறு மீனையும் இறால் போன்ற நன்னீர்ப் பிராணிகளையும் பாய்ந்து கவ்வும். ஆகவே பாறைக்கு மேற்புறம் இரையை வீசி, அது தானாகவே மிதந்து வருவதுபோல் விடுவதே வித்தை. கயாக் இலேசானதாகையால், மூன்று ராத்தல் மீன் அகப்பட்டாலும் ஏறியிருப்பவரோடு ஓடத்தையும் திருப்பிவிடும். யார் யாரைப் பிடித்தார் என்ற சந்தேகம் அப்பொழுது நியாயமே. நங்கூர விஷயத்தில் மட்டும் வேடிக்கை கூடாது. வேகமான ஓட்டத்தில் அதை ஓடத்தின் பக்கவாட்டில் கட்டுவது உயிருக்கே ஆபத்து; நீரின் விசை ஒரு பக்கத்தை அமுக்கிக் கவிழ்த்துவிடும்.

இவ்வளவு கொண்டாடப்படும் இந்த மீன் போட்டோமாக்குக்குச் சொந்தமன்று என்பதுதான் விசேஷம். அதன் பூர்வீகம் மலைத் தொடருக்கு அப்பால், ஓஹையோ முதலிய நதிகள். பால்டிமோரிலிருந்து மலையைக் கடந்து ரயில்பாதை போடப்பட்ட சில காலத்திற்குள், 1854-ஆம் ஆண்டில், வீலிங் நகரத்திலிருந்து ஏறத்தாழ முப்பது பாஸ் மீன்கள் ரயில் ஏறின. துளையிட்ட வாளியில் அடைத்து, என்ஜினுக்கு ஜலம் கொண்டு செல்லும் தொட்டிக்குள் தொங்கவிட்டுக் கொண்டு வந்தார்களாம்! கம்பர்லண்டு ஊரில் கால்வாய்க் குளத்தில் விடப்பட்ட அவை நதியில் புகுந்து பல்கிப் பெருகின. 1881-இல் ஹென்ஷால் என்ற வைத்தியர் பாஸ் மீனைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதன் புகழ் மேலும் வளர்ந்தது.

வந்த குடி நிலைத்துவிட்டது. நதிதான் முன்போல் இல்லை. 2003-இல் போட்டோமாக்கின் தென் கிளையில், ஆண் பாஸ் மீன்களின் விந்தகத்தில் முதிராத முட்டைகள் காணப்பட்டன. பண்ணைக் கழிவு, சாக்கடை, மருந்துப் பொருள்கள் என்று சந்தேகம் பல பக்கமும் செல்கின்றது. குற்றவாளி ஒருவரென்று எவராலும் சுட்ட முடியவில்லை.

தூண்டில்காரர்களுக்கோ மற்றொரு தர்மசங்கடம். அவர்களில் பலர் பிடித்த மீனை உடனே ஜலத்தில் விட்டுவிடுகின்றனர். ஆகையால் தங்களால் தீங்கொன்றும் இல்லை என்பது அவர்கள் கட்சி. வசந்த காலத்தில் இக்கட்சி செல்லாது என்பதே என் அபிப்பிராயம். அப்பொழுது ஆண் பாஸ் வாலால் கூழாங்கற்களை ஒதுக்கிக் கூடு அமைக்கின்றது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைகளையும் பிறகு குஞ்சுகளையும் தகப்பனே இரையைக்கூடப் பெரும்பாலும் மறந்து காவல் காக்கின்றது. அது தூண்டிலைக் கவ்வுவது பசியினாலன்று. கூட்டருகே வந்த அந்நியனை விரட்டுவதற்காகவே. அதைத் தூக்கி எடை பார்த்து, புகைப்படம் எடுத்துக் கொண்டிருக்கும் சில நிமிஷங்களில், சுற்றிலும் காத்திருக்கும் மீன்கள் கூட்டில் புகுந்து சூறையாடுகின்றன. களைத்துத் திரும்பும் தகப்பன் சில சமயம் கூட்டையே கைவிட்டுவிடுகின்றது. சில பிரதேசங்களில் அந்த வாரங்களில் பாஸ் பிடிப்பதையே சட்டம் தடுக்கின்றது. மற்ற இடங்களில், தெளிந்த ஜலத்தில் கூட்டைக் கண்டபின் துடுப்பை வலித்து அப்பால் போவதும் போகாததும் ஓடத்தில் இருப்பவரின் சித்தம்.