யாருக்குச் சுதந்திர வர்த்தகம்?

பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படுமென 2025 ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது. வடபகுதி இளைஞருக்கு வேலை வருமென்று மகிழ்ந்தோர் பலர். நமது நிலத்தையும் உழைப்பையும் அந்நிய முதலாளிகள் மலிவாகக் கொள்ளை கொள்வர் என்று அஞ்சினோரும் உளர். இரு சாராரின் உள்ளக்கிடக்கையையும் நாம் அறிவோம். ஆயினும் வர்த்தகக் கதவைத் திறப்பதா மூடுவதா என்று வாதிடும் இவர்கள், கதவுக்குள் நின்று உழைப்பவனுக்குத் தன் கூலியைப் பேசித் தீர்க்கும் உரிமை உண்டா என்று கேட்க மறந்துவிட்டனர். அந்த மறதி இந்நாட்டில் இருமுறை நிகழ்ந்திருக்கிறது.

1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட காலத்தில் வெங்காயம், செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. கோப்பாய், உரும்பிராய், நீர்வேலிச் செம்மண்ணிலே நின்ற கமக்காரன் தலைநிமிர்ந்து தன் விளைபொருளுக்கு விலை சொன்னான். விசுவமட்டிலும் முத்தையன்கட்டிலும் காணி பெற்ற படித்த வாலிபர்கள், கந்தோர் வேலைக்குக் காத்திருப்பதை விட்டு மிளகாய் நட்டுப் பணம் கண்டனர். 1977 இல் ஆட்சி மாறிற்று. திறந்த பொருளாதாரம் என்ற பெயரோடு அந்நிய மிளகாயும் வெங்காயமும் துறைமுகத்தில் வந்து இறங்கின. விலை சரிந்தது. அந்தச் சரிவை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இன்றும் இருக்கின்றனர். மூடிய கதவே நமக்கு வாழ்வளித்தது என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

ஆனால் அதே மூடிய கதவுக்குப் பின்னால் மலையகத்தில் நடந்ததென்ன? 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு உணவு குறைந்தது, கோதுமை மா அரிதாயிற்று, தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. மரவள்ளி நட்டுப் பிழைக்கச் சொந்தத்தில் ஒரு பரப்புக் காணியும் இல்லாத தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியால் மாண்டன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்களின் பசி பாராளுமன்றத்தில் எந்தத் தொகுதியின் வாக்கையும் மாற்றக்கூடியதாக இருக்கவில்லை. அவர்களுட் பலர் வன்னிக்கு இறங்கினர். 1977 ஆம் ஆண்டு வன்செயலின்பின் மேலும் பலர் வந்து சேர்ந்தனர். வந்தவர்கள் யாருடைய தோட்டத்தில் கூலிக்கு நின்றார்கள்? நம்மவர் தோட்டத்தில்தான். மிளகாய் விலை ஏறிய வேகத்தில் மிளகாய் பறித்தவளின் கூலியும் ஏறிற்றா என்பதற்கு மனச்சாட்சியுள்ள கமக்காரரே விடை சொல்லட்டும். இதை எழுதுவதால் நம் வாசகர் சிலர் முகஞ்சுளிப்பர் என்பது நமக்குத் தெரியாததன்று.

இனித் திறந்த கதவைப் பார்ப்போம். 1978 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பெரும் கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு உருவாயிற்று. கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதி அறைகளில் நெருக்குண்டு வாழ்ந்து உலகத்துக்குச் சட்டை தைத்தனர். ஆடை ஏற்றுமதி இன்று நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தருகிறது. இதனைச் சிறுமையென்று நாம் சொல்லோம். போர் 2009 இல் முடிந்தபின் கிளிநொச்சிக்கு வந்த தையல் தொழிற்சாலையில் வேலைபெற்று, குடும்பச் சுமையைத் தனியே சுமந்த பெண்ணிடம் சென்று "இது சுரண்டல், விட்டுவிடு" என்று உபதேசிக்க நமக்கு என்ன உரிமை? வேலையே இல்லாமையிலும் குறைந்த கூலி மேலானது என்று பொருளியலறிஞர் கூறுவதில் அவ்வளவில் உண்மை உண்டு.

அவ்வுண்மை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தொழிற்சங்கச் சட்டம் வலயத்துக்குள் இரத்துச் செய்யப்படவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை, வாயிற்காவலனே போதுமானவனாயிருந்தான்! சங்கத்துக்குப் பதிலாகத் தொழிலாளர் பேரவை என்ற ஒன்றை நிருவாகம் கொடுத்தது. 1999 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளருள் நூற்றுக்கு 40 வீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது குற்றமெனத் திருத்தம் செய்தது. ஏட்டில் எழுதிய இச்சட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் உள்ளே நுழைய விடப்படாத சங்கக்காரன் அந்த நாற்பது வீதத்தை எங்கே நின்று சேர்ப்பான்? பெயர் வெளிப்பட்டால் வேலை போகுமென்று அஞ்சும் பெண் எவ்வாறு கையொப்பமிடுவாள்? போதாக்குறைக்கு, மனிதவலு முகவர் நாட்கூலிக்கு அனுப்பும் ஆட்கள் ஒரே தொழிற்சாலையில் நிலைப்பதுமில்லை. கூட்டுப் பேரம் பேசும் உரிமைபற்றிய சர்வதேச உடன்படிக்கையை 1972 லும், சங்கம் அமைக்கும் உரிமைபற்றியதை 1995 லும் ஏற்றுக்கொண்ட நாட்டின் நிலை இது.

மலிவான கூலியே நமது மூலதனம், அதைக் கெடுத்தால் கொம்பனிகள் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பர் சிலர். மலிவு நம்மைக் காத்ததா? 2005 சனவரி 1 இல் ஆடை வர்த்தகக் கோட்டா முறை முடிவுற்றது. 2010 இல் மனித உரிமைக் குறைபாடுகளைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையைப் பறித்தது. 2017 இலேயே திருப்பித் தந்தது. 2025 ஏப்ரல் 2 ஆந் திகதி நமது பொருட்களுக்கு நூற்றுக்கு 44 வீத வரி என்று வாஷிங்டனில் அறிவித்தார்கள். ஓகஸ்டில் அதனை 20 ஆக்கினார்கள். கூடியபோதும் குறைந்தபோதும் தையற்காரியின் கூலி எவ்வளவு என்று எவரும் விசாரிக்கவில்லை. மலிவுக்குப் போட்டியிட்ட வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24 இல் ரானா பிளாசாக் கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தனர். சுவர் வெடித்திருப்பதை முதல்நாளே கண்ட தொழிலாளர்தாம் மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டனர். போகமாட்டோம் என்று கூட்டாகச் சொல்லும் பலம் அவர்களுக்கு இருக்கவில்லை.

கமக்காரரின் நிலையும் வேறன்று. 2007 ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் உரிய இறக்குமதி வரியை அமைச்சர் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஓரிரவில் ஏற்றியிறக்க முடிந்தது. அறுவடை வேளையில் வரியைக் குறைத்துவிட்டார்கள் என்ற முறைப்பாடு திரும்பத் திரும்ப எழுந்தது. விதைக்கும்போது ஒரு சட்டம், கிண்டும்போது வேறொரு சட்டம்! வரியைக் குறைப்பதா கூட்டுவதா என்பதில் கொழும்பு நுகர்வோனுக்கும் நமது கமக்காரனுக்கும் வேறு வேறு நியாயம் இருக்கலாம். நடுகைக்கு முன்னர் அறிவித்து, அப்போகம் முடியும்வரை மாற்றாதிருக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது. எந்த ஒப்பந்தச் சட்டமும் இடைநடுவில் ஒரு தரப்பார் மட்டும் நிபந்தனையை மாற்ற அனுமதிப்பதில்லை.

வடக்கு வலயங்களைப்பற்றி நமது நிலைப்பாடும் இதுவே. அவை வரட்டும். ஆனால் அத்திவாரக்கல் நாட்டப்படுமுன், சங்கப் பிரதிநிதி வலயத்துள் நுழையும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும். தொழில் அதிகாரி வலயத்துள்ளேயே கந்தோர் வைத்திருக்கவேண்டும். மனிதவலு முகவரின் ஆளுக்கும் நிரந்தர ஆளுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி கிடைக்கவேண்டும். வலயத்தில் இவற்றைக் கேட்கும் நாம், நமது வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கும் பெண்ணுக்கும் 2016 ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் உரியது என்பதை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

முதலீட்டாளருடன் செய்யப்படும் ஒப்பந்தங்களின் தொழிலாளர் பிரிவுகளைத் தமிழில் வெளியிடுமாறு வடபகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் கேட்கட்டும். அவை கிடைக்குமாயின், வரிக்கு வரி அச்சிட இப்பத்திரிகையில் இடம் ஒதுக்கச் சித்தமாயிருக்கிறோம்.