வீடு பேசும் மொழியும் கல்லூரி கேட்கும் மொழியும்

கல்லூரி மாணவர்கள் தம் வளர்ச்சியைப் பற்றி எழுதும் குறிப்புகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் தன்விருப்பம். குடும்பம் தடுக்கிறது, தன்விருப்பம் விடுவிக்கிறது. எதிர்ப்பை மீறி எடுத்த முடிவே ‘சொந்த முடிவு’ என்றும், வீட்டோடு இசைந்து எடுத்தது சரணடைதல் என்றும் கொள்ளப்படுகின்றன. இந்த வாய்பாட்டில் உண்மை உண்டு. சாதி கடந்த திருமணத்தை மறுக்கும் வீடுகளும், மகளின் மேற்படிப்பை நிறுத்தும் வீடுகளும் இருக்கும்வரை அதைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. ஆனால் வாழ்க்கையில் எடுக்கப்படும் தேர்வுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. அதைக் காண, திருவனந்தபுரத்தின் சாலைத்தெரு நல்ல இடம்.

கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்கிக் கிள்ளிப்பாலத்தை நோக்கி நீளும் இந்தக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசின் முயற்சியால் உருவானது. தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வேரூன்றின. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுகளுக்கு நடுவே மாநில எல்லை ஒன்று விழுந்தது. கடை ஒரு மாநிலத்தில், குலதெய்வக் கோயில் வேறொரு மாநிலத்தில் என்ற நிலை பல குடும்பங்களுக்கு அன்று முதல் இயல்பானது.

இப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளைக்கு மொழியே முதல் தேர்வாக அமைகிறது. அது தேர்வு என்று யாரும் அப்போது சொல்வதில்லை. பள்ளியில் எந்த மொழி, கல்லூரியில் எந்த மொழி, படித்த செய்தியை வீட்டில் எந்த மொழியில் சொல்வது என்ற கேள்விகள் படிவத்தின் ஒரு கட்டத்தில் இடப்படும் குறியாகக் கடந்துபோகின்றன.

இத்தேர்வின் கனத்தை உணர்த்தும் வாழ்க்கை ஆ. மாதவனுடையது. 1934-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த அவர் பள்ளியில் பயின்றது மலையாள வழியில். கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பு அமையவில்லை. சாலையில் பாத்திரக்கடை நடத்தியே வாழ்ந்தார். தமிழைத் தம் முயற்சியால் வசப்படுத்திக்கொண்டு அந்தத் தெருவையே இலக்கியமாக்கினார். அவருடைய ‘கடைத்தெருக் கதைக’ளில் சுமை தூக்குபவர்களும் சில்லறைத் திருடர்களும் நடைபாதையில் உறங்குபவர்களும் தமிழும் மலையாளமும் கலந்த அந்தத் தெருவின் பேச்சோடு வருகிறார்கள். 2015-இல் ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர் 2021 ஜனவரியில் மறைந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படிப்பைத் தொடர்வதா, கடையில் உட்காருவதா என்பதில் அவருக்குத் தேர்வு இருந்ததாகக் கொள்ள முடியாது. எந்த மொழியில் எழுதுவது என்பதில் மட்டுமே அது இருந்தது. மலையாளத்தில் எழுதியிருக்கலாம், பள்ளி தந்த மொழி அது, சுற்றிலும் வாசகர் இருந்த மொழியும் அதுவே. வீட்டின் மொழியை அவர் தேர்ந்தார். பள்ளி தந்த மொழியையும் கைவிடவில்லை, பி. கே. பாலகிருஷ்ணனின் ‘இனி ஞான் உறங்கட்டெ’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஒன்றைத் தேர்வதற்காக மற்றொன்றை வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே நகரத்தில் வேறு இரு வழிகளும் இருந்தன. நீல பத்மநாபன் இயற்பியலும் மின்பொறியியலும் பயின்று கேரள மாநில மின்வாரியத்தில் பொறியாளராகப் பணியாற்றினார். ஓய்வு பெறும்வரை அப்பணியிலேயே இருந்தபடி தமிழில் நாவல்களை எழுதினார். குடும்பமும் சமூகமும் மதிக்கும் தொழிலா, உள்ளம் நாடும் எழுத்தா என்று இன்றைய மாணவர் கேட்கும் கேள்விக்கு, இரண்டையும் பல்லாண்டுகள் ஒருசேரச் சுமப்பதே அவர் கண்ட விடை. நகுலன் என்று அறியப்பட்ட டி. கே. துரைசாமி தமிழிலும் ஆங்கிலத்திலும் முதுகலை முடித்து, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். திருமணம் செய்துகொள்ளாமல், மரபான குடும்ப வாழ்வுக்கு வெளியே, தனிமையைத் தம் எழுத்தின் நிலமாக்கிக்கொண்டார்.

இம்மூவரில் யார் ‘சுதந்திரமாக’ வாழ்ந்தவர் என்று கேட்டால் வாய்பாடு நகுலன் பெயரைச் சொல்லும். கடையில் அமர்ந்தவரும் அலுவலகம் சென்றவரும் சமரசம் செய்தவர்களாகிவிடுவர். ஆனால் இம்மூவரின் தேர்வையும் உறுதிப்படுத்தியவை பின்வந்த ஆண்டுகள். கடையை அடைத்த பிறகும் எழுத உட்கார்ந்த இரவுகளே ஒருவர் எதைத் தேர்ந்தார் என்பதை முடிவு செய்தன. பதினெட்டு வயதில் ஒரு நாள் வீட்டில் உரத்துப் பேசியது மட்டும் தேர்வாகிவிடாது. முப்பது வயதிலும் அதற்காக நேரம் ஒதுக்கினால்தான் அது தேர்வு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். கல்லூரிக்குப் போகாமலே மாதவன் சாதித்தார் என்று காட்டுவது, பிள்ளையின் படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைக்கும் வீட்டுக்கு நல்ல சாக்காகிவிடாதா? ஆகும். அதனால்தான் அவருடைய வாழ்க்கையை அறிவுரையாக்கக் கூடாது. ஒரு மாதவன் எழுதியதை நாம் அறிவோம். அதே வயதில் அதே தெருவில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்த்தப்பட்டு, எழுதாமலும் படிக்காமலும் போனவர்களை யாரும் அறிய வழியில்லை. வென்றவர்களின் வரலாற்றை மட்டும் வைத்துப் பறிக்கப்பட்ட வாய்ப்புகளை நியாயப்படுத்துவது ஆய்வுமன்று, அறமுமன்று.

இன்னொரு குறையும் வெளிப்படை. மேலே சொன்ன மூவரும் ஆண்கள். கடையை மூடிய பின்னும் எழுதுவதற்கு ஓர் இரவு மிச்சமிருந்தவர்கள். வீட்டுப் பெண்களுக்கு அந்த இரவு அப்படிக் கிடைத்ததா? நீல பத்மநாபன் 1968-இல் வெளியிட்ட ‘தலைமுறைகள்’ இந்தக் கேள்வியை விடாமல் பின்தொடர்கிறது. இரணியலைக் களமாகக் கொண்ட அந்நாவல் திரவி என்ற இளைஞனின் வளர்ச்சியைச் சொல்கிறது. பாட்டி உண்ணாமலை ஆச்சியின் கதைகளில் ஊறி வளரும் அவன், கணவன் வீட்டிலிருந்து பழி சுமத்தித் திருப்பியனுப்பப்பட்ட அக்கா நாகுவின் வாழ்வைக் கண்முன் காண்கிறான். தன்னை வளர்த்த மரபே அக்காவை ஒடுக்குகிறது என்று உணர்வதே அவனுடைய முதிர்ச்சி. குடும்பத்தை நேசிப்பதும் குடும்பத்தை எதிர்ப்பதும் ஒரே மனத்தில் ஒரே வேளையில் நிகழக்கூடும் என்பதை அந்நாவல் அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டது. இன்றைய மாணவர் குறிப்புகளில் இந்த இருமை அரிதாகவே தென்படுகிறது.

இனி இன்றைய சாலைக்கு வரலாம். கடை நடத்தும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் மூன்றாம் தலைமுறைப் பெண் ஒருத்தி கல்லூரியில் சேர்வதாக எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் தமிழ் பேசுவாள். பாட்டி சொல்லும் பழமொழிக்குப் பொருள் தெரியும். வாடிக்கையாளரிடம் மலையாளத்தில் விலை சொல்வாள். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவாள். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. கேரளத்தில் 2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்காண்டு இளநிலைத் திட்டத்தில் மொழிப் பாடம் ஒன்றை அவள் குறிக்க வேண்டும். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் மொழியைக் குறிக்கும்படி தந்தை சொல்கிறார். அதில் தீய எண்ணம் ஏதுமில்லை. பிள்ளையின் எதிர்காலம் பற்றிய அச்சம் மட்டுமே உள்ளது. அவளும் குறித்துவிடுகிறாள். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை, மீறல் இல்லை. ஆனால் ஒரு வீட்டின் எழுத்து மரபு அந்தக் கட்டத்தில் முடிந்துபோகிறது.

மொழியியல் இந்நிகழ்வுக்கு வைத்துள்ள பெயர் மொழிப்பெயர்ச்சி. அதை விரிவாக ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன், 1991-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய கருத்து எளியது: பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மொழி கைமாறும்வரையே அது வாழ்கிறது, அந்த அடித்தளம் இல்லாமல் மேலே கட்டும் நிறுவனங்கள் அதைக் காக்கா. சாலையில் பேச்சு இன்னும் கைமாறுகிறது; எழுத்து கைமாறுவதுதான் நின்றுவருகிறது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே இயல்பாகவே உள்ள தொலைவு இந்த இழப்பை இரட்டிப்பாக்குகிறது. பேசத் தெரிந்தால் படித்துவிடலாம் என்பது தமிழில் பாதி உண்மையே.

இதற்குத் தீர்வாக மலையாளத்தை எதிரியாக்குவது பிழை. வாழும் மாநிலத்தின் மொழியைப் பள்ளியில் கற்பது உரிமை, கடமை, வாழ்வாதாரமும்கூட. மாதவனின் கதைமொழி இரு மொழிகளாலும் செழித்தது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுதும் உரிமையை ஏற்கிறது. அந்த உரிமை தாளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதற்கு எழுதத் தெரிந்த கை வேண்டும்.

ஆகவே கல்விப்புலம் செய்யக்கூடியவை சில உள்ளன. கல்லூரித் தமிழ்ப் பாடம், மாணவர் பள்ளியிலேயே தமிழ் படித்திருப்பார் என்ற ஊகத்தில் அமையும்போது, பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுகிறது. அத்தகையோர்க்கு எழுத்தறிமுகத்தோடு தொடங்கும் தனிப்பாடம் தேவை. அப்பாடத்தின் முதல் வாசிப்பு, அவர்கள் காதால் அறிந்த தெருவின் பேச்சைக் கொண்ட கதையாக இருக்கலாம். சாலைக்கு அந்தக் கதைகள் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளன. திராவிட மொழியியலுக்கு வ. ஐ. சுப்பிரமணியம் போன்றோர் களம் அமைத்த நகரம் திருவனந்தபுரம். அங்கே இது இயலாத செயலன்று. ஆய்வு மாணவர்களும் சாலைத் தமிழைப் பதிவு செய்துவிட்டு ஊர் திரும்புவதோடு நில்லாமல், தகவலாளியின் பேத்திக்குப் படிக்கத் தெரியுமா என்றும் கேட்கலாம்.

மாணவர்களிடம் சொல்லத்தக்கதும் ஒன்றுண்டு. குடும்பம் உங்களுக்கு இட்ட தடைகளைப் பற்றி எழுதுங்கள். அது தேவையான எழுத்து. அதோடு, எந்தத் தடையும் இல்லாமல், எவரும் கவனிக்காமல், நீங்களாகவே நழுவவிட்டவற்றையும் ஒருமுறை கணக்கெடுங்கள். பாட்டியின் பேச்சு புரிந்தும் அவர் வைத்திருக்கும் பழைய கடிதத்தைப் படிக்க முடியாதிருப்பது அவற்றுள் ஒன்றானால், அதைத் திருத்திக்கொள்ள வீட்டில் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சில மாத உழைப்பு போதும். பெரும்பாலும் கற்றுத்தர ஆளும் வீட்டிலேயே இருப்பார்.